43-ஆம் எண் கதவைத் தேடி: செம்பாக்கத்திலிருந்து பள்ளிக்கரணை வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை

1970-ஆம் ஆண்டு ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, செம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு குடிசையின் முன் நின்று, வீட்டு எண்ணைச் சுவரில் எழுதுவதில்லை, கதவில்தான் எழுதுவது என்று முடிவு செய்தேன். எளிதில் எடுத்த முடிவு அல்ல. சுவருக்கு ஆதரவான காரணங்களையும் எதிரான காரணங்களையும் சுமார் பத்து நிமிடம் எடை போட்டேன். நடுவில் அந்த வீட்டுப் பெண்மணி ஒரு குவளை மோர் கொடுத்தார். அதைக் குடித்த பிறகும் முடிவு மாறவில்லை. பின்னால் நடந்த அனைத்துக்கும் அதுவே தொடக்கம் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தாம்பரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மக்களை எண்ணுவதற்கு முன் வீடுகளைப் பட்டியல் போட வேண்டும் என்பது முறை. ஆசிரியர்களான எங்களுக்கு ஆளுக்கொரு பகுதி கொடுத்திருந்தார்கள். அதற்கு 'பிளாக்' என்று பெயர். பிளாக்கில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் கொடுத்து, அதை எளிதில் கண்ணில் படும் இடத்தில் தாரால் எழுத வேண்டும். மண் சுவர் தாரைக் குடித்துவிடும். ஓலையில் எழுதினால் எண்ணும் ஓலையும் சேர்ந்து ஆடும். கதவோ நல்ல மாம்பலகை, வழவழவென்று இருந்தது. தேங்காய் நார் சுற்றிய குச்சியைத் தாரில் தோய்த்து 43 என்று எழுதினேன். இரண்டு அடி பின்னால் போய் நின்று பார்த்தேன். கரும்பலகையில்கூட நான் அவ்வளவு அழகாக எழுதியதில்லை.

இப்போது இதை எழுதக் காரணம் என் அண்ணன் மகள். அவளும் ஆசிரியை. அவள் பள்ளியில் கணக்கெடுப்பு வேலைக்குப் போகப்போகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். "சித்தப்பா, அந்தக் காலத்துல எப்படிப் போனீங்கன்னு உங்க இன்டர்நெட் பிளாகுல எழுதுங்க, எங்களுக்கு யூஸ் ஆகும்" என்றாள். யூஸ் ஆகுமா என்று தெரியவில்லை. வழி, நேரம், செலவு எல்லாம் என் பழைய குறிப்பேட்டில் இருக்கின்றன. அப்படியே தருகிறேன்.

1971 மார்ச் மாதம், இந்த முறை வீடுகளை அல்லாமல் மனிதர்களை எண்ணுவதற்காக, அதே பிளாக்குக்கு மறுபடியும் போனேன். ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை தடங்கல் இல்லை. நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்து நான்குக்கும் நடுவில் நான்கு குழிகளும் ஓர் அடுப்பின் கருப்பும் மட்டும் இருந்தன. 44-இல் குடியிருந்த செல்லம்மா ஆட்டுக்குட்டி ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"43 எங்கேம்மா?"

"அது பூட்ச்சே."

"பூட்ச்சுன்னா? ஆளுங்க போயிட்டாங்களா, வீடு போயிடுச்சா?"

"ரெண்டும்தான். மழையில ஏரி ரொம்பி தண்ணி உள்ள பூந்துச்சி. கன்னிம்மாவும் அது புருசனும் கதவத் தூக்கித் தலையில வச்சிகினு மாடம்பாக்கம் பக்கமா போனாங்கோ."

"கதவையா?"

"பின்ன? ஓலை எங்கயும் கெடைக்கும் சார். கதவு கெடைக்குமா?"

எங்களுக்குக் கொடுத்திருந்த அறிவுரைப் புத்தகத்தின்படி, தனி வாசல் உள்ளதுதான் வீடு. வாசலின் ஒரே அடையாளமான கதவு புறப்பட்டுப் போய்விட்டதால், வீடும் அதோடு போனதாகத்தான் கொள்ள வேண்டும். புத்தகத்தை எழுதியவர் இதை யோசித்திருக்க மாட்டார். அவர் வீட்டுக் கதவு கீல் வைத்து முடுக்கப்பட்டதாக இருந்திருக்கும்.

எங்கள் மேற்பார்வையாளர் தனபால் சார், ஓர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். பென்சில் சீவிய துகளைக்கூடக் காகிதத்தில் மடித்துத்தான் குப்பையில் போடுவார். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம நம்பர் இன்னொருத்தர் பிளாக்குல போய் நிக்குதா?"

"நிக்கலாம் சார்."

"அங்க கணக்கு எடுக்கறவங்க அதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்க சார்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார். சற்று நேரம் யோசிக்கவும் செய்தார். பிறகு உத்தரவு வந்தது. "ஞாயித்துக்கிழமை போய்த் தேடிக் கண்டுபிடிங்க. கதவுல இருக்கற நம்பரைத் தாரால அடிச்சிடுங்க. அடிச்சாச்சுன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அதுக்கப்புறம்தான் உங்க பிளாக்கை நான் முடிஞ்சதா எடுத்துப்பேன்."

ஆக, ஒரு கதவைக் கண்டுபிடித்து அதன் எண்ணை அழிக்க வேண்டும். நான் புறப்பட்டபோது பயணத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

காலை ஆறரை மணிக்கு மேற்குத் தாம்பரத்தில் என் அறையிலிருந்து கிளம்பினேன். ஒரு தோளில் துணிப்பை. கையில் மூடி சரியாகப் பொருந்தாத தார் டப்பா. ரயில்வே கேட்டில் பதினெட்டு நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அந்தக் கேட்டில் காத்திருந்த நேரத்தை ஆயுளில் கழித்தால், கிழக்குத் தாம்பரத்துக்காரர்கள் எல்லோரும் என்னைவிட இளையவர்கள். கேட்டைத் தாண்டி வாடகை சைக்கிள் கடை. முழு நாளுக்கு ஒன்றரை ரூபாய். கடைக்காரர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டே டப்பாவைப் பார்த்தார்.

"இன்னா சார், ரோடு போடப் போறியா?"

"ஒரு கதவைத் தேடிப் போறேன்."

"கதவு தொலஞ்சுதா?" காற்று அடிப்பதை நிறுத்திவிட்டார். "வூட்டுல மத்ததெல்லாம் கீதா?"

"வீடும் இல்லை."

"அப்ப திருடன் நல்ல கில்லாடி" என்றார். பெல் வேலை செய்யாத சைக்கிள் ஒன்றைத் தந்தார். பெல் உள்ளதற்கு இரண்டு அணா அதிகம். அணா ஒழிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. அவர் கடையில் ஒழியவில்லை.

ஏழு இருபதுக்குச் சைக்கிள் ஏறினேன். சேலையூர் இரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து ராஜகீழ்ப்பாக்கம் ஒன்றரை. ராஜகீழ்ப்பாக்கத்தில் வலப்பக்கம் திரும்பினால் மாடம்பாக்கம் மூன்று. தூரமெல்லாம் சைக்கிள் கடைக்காரர் சொன்னவை, நான் அளக்கவில்லை. சாலையோரம் புதிதாக மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். கல்லில் எண் இருந்தது. எண்ணுக்குப் பின்னால் வீடு இல்லை. என் நிலைமைக்கு நேர் எதிர்.

எட்டு மணிக்கு மாடம்பாக்கம். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. விமானத்தின் முதுகு, யானை படுத்திருப்பது போல வளைந்திருக்கும். போகிறவர்கள் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். நான் ஒதுக்கியது ஐந்து நிமிடம். சுவரில் கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் எவ்வளவு நிலம் கொடுத்தார்கள், அதன் எல்லை எது என்ற கணக்குத்தான். அந்தக் காலத்துக் கணக்காளர்கள் தங்கள் கணக்கைக் கல்லில் எழுதினார்கள். கல் சுவரை யாரும் தலையில் தூக்கிக்கொண்டு போவதில்லை. செம்பாக்கத்தில் மோர் குடித்தபடி நான் யோசித்த பத்து நிமிடத்தில் இது தோன்றியிருக்க வேண்டும்.

கோயிலுக்கு எதிரே டீக்கடை. டீ பதினைந்து பைசா. கடைக்காரரிடம், எண் எழுதிய கதவோடு ஒரு குடும்பம் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாப்பத்தி மூணா?"

"ஆமாம்."

"அந்த நம்பர் போட்டது நீயா சார்?"

ஒப்புக்கொண்டேன்.

"மாந்தோப்பு ஓரமா ஒன்றரை மாசம் குடிசை போட்டுகினு இருந்தாங்கோ. டெய்லி காத்தால கடை தொறந்தா அந்தக் கதவுதான் எதிர்ல. நாப்பத்தி மூணு, நாப்பத்தி மூணுன்னு. சாமியே காட்டுதுன்னு நெனச்சி, அந்த நம்பர்ல முடியற லாட்டரிச் சீட்டாப் பாத்து ரெண்டு வாங்கினேன்."

"விழுந்ததா?"

"விழுந்திருந்தா நான் ஏன் உனக்கு டீ ஆத்திகினு இருக்கேன்?"

தமிழ்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சார்பில் வருத்தம் தெரிவித்தேன். அவர் ஏற்றுக்கொண்டார். தோப்புக்காரர் காலி பண்ணச் சொன்னதும் குடும்பம் கோரை அறுக்கும் வேலைக்காகப் பள்ளிக்கரணைக்குப் போய்விட்டது என்றும், இந்த முறை கதவு கட்டை வண்டியில் போனது என்றும் சொன்னார்.

மறுபடி ராஜகீழ்ப்பாக்கம் வந்து, செம்பாக்கம் வழியாக மேடவாக்கம். சந்திப்பிலிருந்து ஆறு கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டது. இங்கே ஒரு யோசனை: தார் டப்பாவை ஹேண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள். தார் இளகும். இடது முழங்கால் மேல் சொட்டும். வேட்டியாக இருந்தால் அந்த வேட்டியை மறந்துவிடலாம். மேடவாக்கத்தில் இடப்பக்கம் திரும்பி வடக்கே மூன்று கிலோமீட்டர் மிதித்தால் பள்ளிக்கரணை.

சாலையின் வலப்பக்கம் முழுவதும் சதுப்பு. மார்ச் மாதமாகிவிட்டதால் தண்ணீர் வற்றி, திட்டுத் திட்டாக மின்னியது. மீதியெல்லாம் கோரை. தலையில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு நீர்க்கோழிகள் நூற்றுக்கணக்கில் மிதந்தன. அவற்றை எண்ணும் வேலை என்னுடையதல்ல என்பது ஆறுதலாக இருந்தது. காற்று சேற்று வாடையோடு முகத்தில் அடித்தது. பத்தே கால் மணிக்கு, சாலைக்கும் சதுப்புக்கும் நடுவில் இருந்த மண் மேட்டில், ஒரு குடிசையைப் பார்த்தேன். கதவு சாலையைப் பார்த்திருந்தது. 43.

சைக்கிளை விட்டு இறங்கி, நெற்றி வியர்வையைத் துடைத்தேன். என் எண் நலமாக இருந்தது. சற்று வெளுத்திருந்தது, அவ்வளவுதான். குடிசைக்குப் பக்கத்தில் மூன்று இடங்களில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்ததை அப்போது நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கோரைக் கட்டைத் தலையிலிருந்து இறக்கிய பெண்மணி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். முப்பது வயது இருக்கும். கன்னியம்மாள், எனக்கு மோர் கொடுத்தவர்.

"வா சார், வா. மோர் குடிச்சிட்டு நம்பர் போட்ட சாருதான நீ? இங்க மோர் இல்ல, தண்ணிதான். உன் நம்பரு என் வூட்டைக் காப்பாத்திச்சி சார்!"

"என் நம்பரா?"

"தோ பாரு" என்று கிளறிக் கிடந்த மண்ணைக் காட்டினார். "இங்க நாங்கோ நாலு வூடு. ரோடு அகலம் பண்றாங்களாம். வெள்ளிக்கெழம மேஸ்திரி ஆளுங்களோட வந்தான். மூணு வூட்டைப் பிரிச்சிப் போட்டுட்டான். அவங்கல்லாம் பாலத்தண்ட கிடக்கறாங்கோ. என் வூட்டுக்கு வந்தான், கதவப் பாத்தான், நின்னுட்டான். 'இது கவர்மென்ட்டு நம்பரு, நான் தொட மாட்டேன், பெரிய ஆபீசரக் கேட்டுகினு திங்கக்கெழம வரேன்'னு பூட்டான்."

"திங்கக்கிழமைன்னா நாளைக்கு."

"ஆமா. நாளைக்குத்தான்." என் கையைப் பார்த்தார். "டப்பாவுல இன்னா?"

தார் என்று சொன்னேன். எதற்கு என்றும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடிப்பதற்குள் கன்னியம்மாள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டார். 43 முழுவதும் மறைந்துவிட்டது.

"அழிச்சிக்கோ. அழிச்சிட்டு நாளைக்கு மேஸ்திரி வரும்போது நீயும் இங்கயே நில்லு. நான் மூணு புள்ளைங்களயும் கூட்டிகினு உன் வூட்டுக்கு வந்துடறேன். உன் வூட்டுல நம்பர் கீதா?"

"இருக்கு."

"எத்தினி?"

"பதினேழு."

"சின்ன நம்பருதான். பரவால்ல, அட்ஜஸ் பண்ணிக்கறேன்."

நான் நேர்மையாக இருக்க முயன்றேன். அந்த எண் எண்ணுவதற்கு மட்டும்தான், அதை வைத்து நிலத்திலோ வீட்டிலோ எந்த உரிமையும் வராது, அது பட்டாவும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை என்று விளக்கினேன். கணக்கு வகுப்பில் பின்னங்களை விளக்கும்போதுகூட அவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை. கன்னியம்மாள் கடைசி வரை கேட்டார்.

"இது மேஸ்திரிக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நினைக்கிறேன்."

"அப்ப நீ ஏன் சார் சொல்லிகினு திரியறே?"

டப்பாவைக் கீழே வைத்தேன். பேச்சை மாற்றுவதற்காக, இங்கே கணக்கெடுக்க யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"நேத்து குடை புடிச்சிகினு ஒரு டீச்சரம்மா வந்தாங்கோ. கதவப் பாத்தாங்கோ. 'உங்களை எழுதியாச்சே'ன்னு சொல்லிட்டுப் பூட்டாங்கோ."

தனபால் சார் யோசித்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. செம்பாக்கத்தில் இந்தக் குடும்பத்துக்கு வீடு இல்லை. அதனால் நான் எண்ணவில்லை. பள்ளிக்கரணையில் வீட்டில் எண் இருக்கிறது. அதனால் அந்த டீச்சர் எண்ணவில்லை. கன்னியம்மாள், அவர் கணவர் முனுசாமி, மூன்று குழந்தைகள், முனுசாமியின் தம்பி என்று ஆறு பேர் இந்திய மக்கள்தொகையிலிருந்து சத்தமில்லாமல் விழுந்திருந்தார்கள். காரணம் என் கையெழுத்து.

டீச்சரின் பெயர் ஜெசிந்தா. மேடவாக்கம் போகும் வழியில் ஒரு கிலோமீட்டரில் வீடு என்றார்கள். பதினொன்றே கால் மணிக்கு நான் போனபோது, பூசை முடிந்து அப்போதுதான் வந்து சமையலில் இறங்கியிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. தொடக்கப் பள்ளி ஆசிரியை. முழங்காலில் தாரோடு வாசலில் நின்ற அந்நியனை எதற்கு வந்தாய் என்று கேட்காமல், முதலில் உட்காரச் சொன்னார். தவக்காலம், அதனால் ஞாயிறாக இருந்தும் கறி இல்லை, கத்திரிக்காய் சாம்பார்தான் என்று வருத்தத்தோடு அறிவித்தார். பிறகுதான் விஷயத்தைக் கேட்டார்.

"அய்யய்யோ! நம்பர் இருந்தா யாரோ எண்ணியாச்சுன்னு நினைச்சேன் சார். அதுவும் அந்த 43 எவ்வளவு நீட்டா இருந்துச்சு! மெட்ராஸ் ஆபீஸ்ல இருந்தே ஆள் வந்து எழுதின மாதிரி."

"நான்தான் எழுதினேன்."

"இனிமே கொஞ்சம் கிறுக்கலா எழுதுங்க சார்."

அடுத்து, யார் எண்ணுவது என்ற விவாதம். எண் என்னுடையது, ஆகவே வீடு என்னுடையது என்றார் டீச்சர். ஆட்கள் எங்கே வசிக்கிறார்களோ அங்கேதான் எண்ண வேண்டும், ஆகவே அவருடையது என்றேன் நான். இருவரும் அறிவுரைப் புத்தகத்தை எடுத்தோம். அவருடைய பிரதியில் சாம்பார்க் கறை இருந்த பக்கத்தில் விடை இருந்தது. நான் சொன்னதுதான் சரி. டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு, குடையையும் படிவங்களையும் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டேகாலுக்குக் குடிசை வாசலில் கணக்கெடுப்பு தொடங்கியது. முனுசாமியும் கோரைக் கட்டோடு வந்து சேர்ந்தார். குடும்பத் தலைவர் யார் என்ற முதல் கேள்வியிலேயே நின்றது.

"கதவத் தூக்கினது நானு" என்றார் கன்னியம்மாள்.

"ஒரு பக்கம் நானும் தூக்கினேன்" என்றார் முனுசாமி.

"மாடம்பாக்கம் வரைக்கும் எத்தினி தடவை கீழ வச்சே? சொல்லு."

முனுசாமி டீச்சரிடம் திரும்பினார். "அது பேரையே போட்டுக்கோங்கோ டீச்சர். இதுக்கோசரம் எனக்கு பேஜாரு வாணாம்."

டீச்சர் அப்படியே எழுதினார். ஆறு பேரையும் எழுதி முடிக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. தன் பட்டியலில் 96 வீடுகள் இருப்பதால் இது 97 என்றார். இனி எண்ணைக் கதவில் எழுத வேண்டும். அதற்கு முன் 43-ஐ அழிக்க வேண்டும். கன்னியம்மாள் மறுபடியும் கதவில் சாய்ந்துவிட்டார். இந்த முறை டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க மேற்பார்வையாளர் ஏன் சார் அழிக்கச் சொன்னார்?"

"இரண்டு இடத்திலும் எண்ணிடக் கூடாதுன்னு."

"ரெண்டு இடத்துல எண்ணலையே? அதை நான் எழுதிக் கொடுத்தா போதாதா? கதவுல தார் பூசினாத்தான் புரியுமா அவருக்கு?"

குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, படியில் உட்கார்ந்து எழுதினார். 'செம்பாக்கம் வீட்டு எண் 43 தற்போது காலி. அதில் இருந்த குடும்பம் பள்ளிக்கரணை வீட்டு எண் 97-இல் எண்ணப்பட்டது.' கையெழுத்துப் போட்டார். குடும்பத் தலைவர் என்ற முறையில் கன்னியம்மாள் கட்டைவிரலை என் தாரில் லேசாகத் தொட்டு, ரேகை வைத்தார். பிறகு கதவை விட்டு நகர்ந்தார்.

43-க்குக் கீழே 97 எழுதினேன். டீச்சர் சொன்னபடி சற்றுக் கிறுக்கலாகவே எழுதினேன்.

"சார், மேல இருக்கறது வெளுத்துப் பூட்ச்சி பாரு. அதையும் கொஞ்சம் கறுப்பாக்கிடு" என்றார் கன்னியம்மாள்.

அழிக்கக் கொண்டுவந்த தாரால் 43-ஐ மறுபடியும் எழுதினேன். இதைப் பற்றி அறிவுரைப் புத்தகத்தில் எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

கிளம்பும்போது டப்பாவில் பாதிக்கு மேல் தார் இருந்தது. "வெயில்ல ஒழுகிகினு கீது. அதை எங்க தூக்கிகினு போவ? வச்சிட்டுப் போ சார்" என்றார். எதற்கு என்று கேட்டேன். ஓட்டை ஒழுகல் வந்தால் பூசலாம் என்றார். என் இன்னொரு முழங்காலைக் காப்பாற்றும் யோசனையாகவும் அது இருந்ததால், டப்பாவையும் நார் சுற்றிய குச்சியையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

டீச்சர் வீட்டில் சாம்பார் சாப்பிட்டேன், குறை சொல்வதற்கில்லை. நாலு மணிக்குத் தாம்பரம். சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கதவு கெடச்சிதா?" என்றார். கிடைத்தது என்றேன். "எங்க?" என்றார். பள்ளிக்கரணையில் என்றேன். "அம்மாந்தூரம் அதுவா நடந்துச்சா?" என்று கேட்டு, பதிலை எதிர்பார்க்காமல் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

மறுநாள் காலை, டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டைத் தனபால் சார் மூன்று முறை படித்தார். கட்டைவிரல் ரேகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அழிச்சீங்களா?" என்று கேட்பார் என்று ராத்திரியெல்லாம் பயந்திருந்தேன். "இது கதவை அழிச்சதை விட உருப்படியா இருக்கு" என்று சொல்லி, துளையிட்டுக் கோப்பில் கோத்துக்கொண்டார். என் பிளாக் முடிந்தது.

ஆனால் திங்கட்கிழமை முழுவதும் வகுப்பில் எனக்குப் பாடம் ஓடவில்லை. வாய்ப்பாடு கேட்டபோது ஒரு பையன் தவறாகச் சொன்னதைச் சரி என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை ஜெசிந்தா டீச்சரிடமிருந்து தபால் அட்டை வந்தது. 'மேஸ்திரி வந்தார். நானும் பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போய் நின்றிருந்தேன். கதவைப் பார்த்தார். ஒரு நம்பர் இருந்ததற்கே பெரிய ஆபீசர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், இப்போது இரண்டு நம்பர் இருக்கிறது, நான் யார் யாரைப் போய்க் கேட்பது என்று சலித்துக்கொண்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பாலத்தடியில் இருந்த மூன்று குடும்பத்தையும் நேற்றே எண்ணிவிட்டேன். உங்கள் முழங்காலுக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கவும்.'

அட்டையை இரண்டு முறை படித்தேன். பிறகு மாலையில் ஒரு மசால் தோசை சாப்பிட்டேன். முப்பத்தைந்து பைசா. அதற்கு முன்னும் பின்னும் பல தோசைகள் சாப்பிட்டிருக்கிறேன். அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டது அது ஒன்றைத்தான்.

இனி, போகப்போகிறவர்களுக்கு. அன்றைய என் செலவு, தோசை நீங்கலாக, சைக்கிளும் இரண்டு டீயுமாக ஒரு ரூபாய் எண்பது பைசா. இப்போது அதற்கு எதுவும் கிடைக்காது, வழியும் அதுவல்ல. ரயில்வே கேட் போய்விட்டது. சாலை நான்கு மடங்கு அகலமாகிவிட்டது. சதுப்பின் ஓரங்களில் நீர்க்கோழிகளுக்குப் பதிலாக அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆனால் சில விஷயங்கள் மாறவில்லை. வெயிலுக்கு முன் கிளம்புங்கள். யார் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் வாங்கிக் குடியுங்கள்; பிற்காலத்தில் அவர்கள் உங்களை அடையாளம் கண்டுகொள்வது அதை வைத்துத்தான். பட்டியலில் இருக்கும் வீடு இடத்தில் இல்லையென்றால், பக்கத்து வீட்டில் ஆட்டுக்குட்டி கழுவுகிறவரைக் கேளுங்கள். எண் போட்ட வீட்டைப் பார்த்ததும் எண்ணியாகிவிட்டது என்று நினைக்காமல், ஒரு முறை கதவைத் தட்டுங்கள். அறிவுரைப் புத்தகத்தைச் சமையலறையில் வைத்துப் படித்தவர்களை நம்பலாம்.

உங்கள் கையில் உள்ள எண்ணுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். வாங்கிக்கொள்கிறவர்கள் அதை என்ன வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. இதில் உங்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. தெளிவாக எழுதுங்கள், போதும்.

1974-இல் ஒரு கல்யாணத்துக்காகத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் பேருந்தில் போனேன். வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாலையை அகலப்படுத்தி முடித்திருந்தார்கள். மேடவாக்கம் தாண்டி, அந்த மண் மேட்டுக்கு வரும் இடத்தில் மட்டும் சாலை ஒரு வண்டி அகலத்துக்கு இடப்பக்கம் ஒதுங்கிப் போனது. மேட்டில் பதினொரு குடிசைகள் இருந்தன. பதினொரு கதவுகளிலும் 43 என்று தாரில் எழுதியிருந்தது.